முதல் மடையின் ஐந்தாவது பாட்டு

மக்கா, போன ஞாயிற்றுக்கிழமை நீ மஸ்கட்டிலிருந்து பேசி முடித்த பிறகு, நான் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். நீ சந்தோஷமாகப் பேசினாய். சென்னையில் சில இளைஞர்கள் பழைய ஆல்பங்களைத் தேடியெடுத்து இணையத்தில் மறுபடி வெளியிடுகிறார்கள் என்றும், பத்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் போட்ட ‘முதல் மடை’யை எங்கேயோ கேட்டுவிட்டு உன்னைத் தேடிப் பிடித்தார்கள் என்றும் சொன்னாய். சிடியோடு வந்த சிறு புத்தகத்தின் கையெழுத்துப் படி என்னிடம் இருக்கும், அதை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னாய். எல்லாவற்றையும் கோப்பில் போட்டு வைக்கிற ஆள் நான் என்று உனக்குத் தெரியும். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாய். “சகாயம் பேரு வேண்டாம்பா. பாடினவங்க ‘பழையாறு’ குழுன்னு பொதுவா போட்டாப் போதும். அவன் செஞ்ச வேலைக்கு அது போதும்.” நான் சரி என்றேன். அந்தச் சரியைச் சொன்ன பிறகுதான் போனை வைக்க முடியாமல் போயிற்று.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்கம்போல் நான்கு பக்கம் முன்னுரை எழுதிவிட்டு நிறுத்திவிடுவேன். அந்த ஐந்தாவது பாட்டை வெளியே கொண்டுபோய்க் காட்டியவன் சகாயம் இல்லை. நான். உங்கள் ஆல்பத்தின் நடுவிலிருந்து அதைப் பிடுங்க வைத்ததும், உன் சிநேகிதனை நீ பத்து வருஷமாக வெறுக்கும்படி செய்ததும் நான்தான். இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் பேர் கெட்டது நாலு பேர் முன்னிலையில். திருத்துவதும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதனால் நாகர்கோவிலிலிருந்து வருகிற அந்தச் சிறு பத்திரிகைக்கு இதை முதலில் கொடுக்கிறேன். உனக்கு முதலில் அனுப்பினால், நீ வேண்டாம் என்று சொல்வாயோ என்று காத்திருந்து, அந்தக் காத்திருப்பிலேயே நான் தப்பித்துவிடுவேன்.

2004-இல் நீங்கள் மூன்று பேரும் நம் பூதப்பாண்டி வீட்டு மாடியறையில் கூட ஆரம்பித்தீர்கள். நீ கிடார். சுயம்பு, வில்லுப்பாட்டுக்காரர்கள் அடிக்கிற மண்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அடிப்பான். சகாயம் பாடுவான், பாட்டும் எழுதுவான். கடற்கரைப் பையன், கல்லூரியில் உன் வகுப்பு. வலை இழுக்கும்போது அவர்கள் ஊரில் பாடுவதை அவன் மெதுவாகத் தொடங்குவான், திடீரென்று நீ அதைக் கிடாரில் வேறு எங்கோ கொண்டுபோவாய். என்ன இது என்று கேட்டதற்கு, “புரோகிரஸிவ் ஃபோக்குப்பா. நாட்டுப்பாட்டை அப்படியே பாடாம நீட்டி, ஒடைச்சு, தாளத்தை மாத்திக் கட்டுறது” என்றாய். நான் முற்போக்கு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, இது ஏதோ கட்சி விஷயம் போலிருக்கிறது, ஓய்வூதியத்துக்கு ஏதாவது ஆபத்து வந்து சேருமோ என்று இரண்டு நாள் உன் அம்மையிடம் புலம்பினேன். அவள், “பிள்ளையோ குடத்தைத் தட்டிட்டு இருக்கு, ஒங்க பென்ஷனை யாரு தட்டப் போறா” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எனக்குப் பாட்டு தெரியாது. கல்வி அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு என்ன தெரியும். ஆனாலும் நீங்கள் வாசிக்கும்போது கீழே உட்கார்ந்து கேட்பேன். ஒரு நோட்டில், எந்த நிமிடத்தில் தாளம் மாறுகிறது, எந்த நிமிடத்தில் குடம் நின்றுபோகிறது என்றெல்லாம் குறித்து வைத்தேன். அப்படித்தான் எனக்குக் கேட்க வந்தது. ஒரு நாள் சகாயம் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, “சாரு நம்ம பாட்டுக்கு ஃபைல் போட்டிருக்காருல மக்கா” என்று உன்னிடம் சொல்லிச் சிரித்தான். அதில் கேலி இருந்தது, மரியாதையும் இருந்தது. சிடிக்குள் வைக்கிற புத்தகத்துக்குப் பாட்டையெல்லாம் என் கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னதும் அவன்தான். ஏழு பாட்டு. என் ஆயுளில் நான் எழுதியவற்றில் மேலதிகாரி யாரும் திருத்தாமல் அச்சேறப் போகிற எழுத்து அது ஒன்றுதான் என்று எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது.

ஐந்தாவது பாட்டு மற்ற ஆறையும் விட நீளம். பதினேழு நிமிடம். சகாயத்தின் அம்மை தலையில் மீன்கூடையோடு கடற்கரையிலிருந்து நம் வயற்காட்டு ஊர்களுக்கு வந்து தெருத்தெருவாக விற்றதைப் பற்றியது. முதல் ஆறு நிமிடம் நடைதான், குடம் மட்டும் காலடி போல. பிறகு அவள் ஒவ்வொரு வீட்டுப் புறவாசலிலும் நிற்கிறாள், ஒவ்வொரு வீட்டுக்கும் தாளம் வேறு. ஆல்பத்தின் மற்ற பாட்டெல்லாம் இதற்குப் போகிற வழியும் இதிலிருந்து வருகிற வழியும்தான் என்று நீ சொல்வாய். அது உண்மை என்று என் நோட்டைப் பார்த்தாலே தெரியும். அதன் நடுவில் இந்த வரிகள் வரும்:

உச்சி வெயிலிலே ஒரு வாய் தண்ணி கேட்டேன்
கையைக் குவியின்னு சொன்னாரு
மை பட்ட விரலாலே செம்பைத் தூக்கி
மழை போல உயரத்தில் நின்னாரு

இதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது என் பேனா நின்றது. நம் தெருவில் மீன் கொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற முறை உனக்குத் தெரியும். பாத்திரத்தைக் கையில் கொடுப்பதில்லை. அவர்கள் குனிந்து கையைக் குவிக்க வேண்டும், செம்பைத் தொட்டுவிடாத உயரத்திலிருந்து ஊற்றுவோம். நீ அப்போது குழந்தை. ஒரு கோடையில் நான் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். உன் அம்மை கோயிலுக்குப் போயிருந்தாள். புறவாசலில் மீன்காரி தண்ணீர் கேட்டாள். தெருவில் ஒரு ஆள் இல்லை. பார்க்க யாரும் இல்லை. அலமாரியில் கைக்கெட்டுகிற தூரத்தில் டம்ளர் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. செம்பை எடுத்தேன், கையைக் குவிக்கச் சொன்னேன், கவனமாக உயர்த்தி ஊற்றினேன். முந்தின நாள் அலுவலகத்தில் கசிந்த பேனாவின் மை என் விரலில் இருந்தது. எம்.ஏ. படித்தவன், பள்ளிப் பிள்ளைகளுக்கான சுற்றறிக்கைகளில் ‘அனைவரும் சமம்’ என்று எத்தனையோ தடவை நகல் எடுத்தவன், யாருமே கட்டாயப்படுத்தாதபோது அதைச் செய்தேன். அவள் சகாயத்தின் அம்மை என்று அந்த வரியை எழுதுகிற வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தச் சிடியை நம் கோயில் கொடைத் திருவிழாவின் இரண்டாம் நாள் மேடையில் வெளியிடுவதாக இருந்தது. கமிட்டி உங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தது. என்ன பாடப்போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இதை நீ கவனமாக வாசிக்க வேண்டும், மக்கா. யாருமே கேட்கவில்லை. ஆனால் முன் ஒப்புதல் இல்லாமல் ஒரு கோப்பையும் மேலே அனுப்பிப் பழகாதவன் நான். நாளைக்கு மேடையில் ஒருவன் எழுந்து சத்தம் போட்டால் நீ என்ன செய்வாய், கல்லெறிந்தால் என்ன ஆகும் என்று எனக்குள்ளே கேட்டுக்கொண்டேன். ஏழு பாட்டையும் முழுத்தாளில் நல்ல படியாக எழுதினேன். புரியாத சொற்களுக்கும், தவறாக எடுத்துக்கொள்ளக்கூடிய வரிகளுக்கும் கீழே அடிக்குறிப்பு போட்டேன். ‘இது பொதுவான வறுமையைக் குறிக்கும், எந்த ஊரையும் குறிக்காது’ என்பது போல. கடைசியில் ‘மேற்கண்ட பாடல்களை மேடையில் பாடுவதற்கு ஆட்சேபனை இல்லை’ என்று எழுதி, கையெழுத்துக்குக் கோடும் போட்டு, கமிட்டிச் செயலாளரிடம் கொண்டுபோனேன். அவர் எனக்கு அத்தான் முறை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் நான்கு பாட்டைப் புரட்டினார். ஐந்தாவதில் நின்றார்.

“என்னவே இது? நம்ம தெருவையில்லா எழுதியிருக்கு.”

“எந்தத் தெருன்னும் பேரு இல்ல அத்தான். கீழ குறிப்பு போட்டிருக்கேன்.”

“குறிப்பு இல்லேன்னா நான் வாசிச்சிட்டுத் தாண்டிப் போயிருப்பேன் வே. நீருதான் கையைப் பிடிச்சு நிறுத்திக் காட்டியிருக்கீரு.” தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சரி, நீரு போம். பையன்கிட்ட நீரு வந்ததைச் சொல்லாண்டாம். நான் பாத்துக்கிடுகேன்.”

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். பொறுப்பு இனி என்னுடையது இல்லை என்கிற நிம்மதி. அதை நான் வாழ்நாள் முழுக்க நல்ல உத்தியோகஸ்தனின் குணம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், காரணம் மட்டும் தெரியாது. அந்தப் பாட்டு சிடியில் இருந்தால் மேடை இல்லை என்றார்கள். ஒலிப்பதிவு செய்தவர் நம் தெருக் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துப் பிழைக்கிறவர். அவரையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் ஐந்தாவது பாட்டைத் தன் கணினியிலிருந்தே அழித்துவிட்டார். சிடி வருகிற வரைக்கும் அந்தப் பாட்டை எங்கேயும் பாடுவதில்லை என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தீர்கள். அது எப்படி வெளியே போயிற்று என்று மாடியில் நீங்கள் சண்டை போட்டபோது, நான் உங்களுக்கு டீ கொண்டுவந்துகொண்டிருந்தேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

“ஒங்க ஊருக் கல்யாண வீட்டுல பாடுனியா? உண்மையச் சொல்லுல” என்று நீ கேட்டாய்.

“பாடல மக்கா.”

“பின்ன எப்பிடி அவங்களுக்கு வரிவரியாத் தெரியும்? நான் சொன்னனா? சுயம்பு சொன்னானா?”

குடத்தின் மேல் விரலால் யாரோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சகாயம் சொன்னான், “சரி, நான்தான்னு வச்சுக்க.”

நீ அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாய். நான் மூன்று டம்ளரையும் அப்படியே கீழே கொண்டுபோனேன். “குடிக்கலையா?” என்று உன் அம்மை கேட்டாள். “பேசிட்டிருக்காங்க” என்றேன். இன்னும் ஏழெட்டுப் படி ஏறியிருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும். சகாயம் இறங்கி வரும்போது என்னைப் பார்த்து, “வருகேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் நம் வீட்டுக்கு வரவில்லை.

‘முதல் மடை’ ஆறு பாட்டோடு வந்தது. மேடையில் நீயும் சுயம்புவும் மட்டும் வாசித்தீர்கள், பாடுவதற்கு ஆள் இல்லாமல். கேட்டவர்கள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கேயோ போகப் போகிற மாதிரி தொடங்கிப் போகாமலே முடிந்துவிடுகிறது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அடுத்த வருஷம் நீ கம்பெனி வேலைக்கு மஸ்கட் போனாய். கிடாரை உறை போட்டு என்னிடம் கொடுத்து, “ஈரம் படாம பாத்துக்குங்கப்பா” என்றாய். மாதம் ஒரு முறை தூசு துடைக்கிறேன். உன் அம்மை கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். “பிள்ளைகிட்டச் சொல்லிருங்க. நான் போனதுக்கு அப்புறமாவது” என்றாள். அவள் போயும் நான்கு வருஷம் ஆகிறது.

நீ போனில் பேசியதற்கு இரண்டு நாள் கழித்து வடசேரிச் சந்தையில் சகாயத்தைப் பார்த்தேன். தற்செயல் என்று எழுத ஆசைதான், ஆனால் அவன் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறான், செவ்வாய்க்கிழமை வண்டியை விட்டுவிட்டு அங்கே காய் வாங்க வருவான் என்று விசாரித்துத்தான் போனேன். தலை முன்பக்கம் வழுக்கையாகிவிட்டது. உள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் என் பையை வாங்கிக்கொண்டான். டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். அவன் இரண்டாவது வாக்கியத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினான்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் சார்.”

“எப்படித் தெரியும்?”

“செயலாளரு என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளைத்தான் மூஞ்சிக்கு நேர நீட்டினாரு. ஒங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? அழகா கோடெல்லாம் போட்டிருந்துது.” கொஞ்சம் சிரித்தான். “எல்லா வரிக்கும் கீழ குறிப்பு எழுதியிருந்தீங்க. கூடைக்கு, ஓலைக் கடவத்துக்கு, சாளை மீனுக்குக்கூட. அந்தத் தண்ணி ஊத்துற நாலு வரிக்கு மட்டும் ஒண்ணுமில்ல. எங்கம்மை எந்த வீடுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல சார். ஒங்க தாளப் பாத்துத்தான் தெரிஞ்சுது.”

பிறகு நான் கேட்டேன், “அவன்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன ஆவும்? பாட்டு வராது. அவன் ஒங்க வீட்டுச் சோத்தைத் திங்க மாட்டான், அவன் கொணம் எனக்குத் தெரியும். எனக்கு அவன்மேல கோவமே வேற. அவன் மூணு பேருல முதல்ல என்னைத்தான் பாத்தான்.”

இந்தக் கடைசி வார்த்தையை உனக்காகக் கொண்டுவந்திருக்கிறேன், மக்கா. உனக்கு நான் அறிவுரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் சாலையைக் கடப்பது, ரசீதைப் பத்திரப்படுத்துவது போன்றவை. வேறு எதுவும் சொல்லத் தைரியம் வந்ததில்லை. இப்போது ஒன்று சொல்கிறேன், சொல்லத் தகுதியில்லாதவன் சொன்னது என்று தெரிந்தே எடுத்துக்கொள். ஒன்று களவு போனால், நம் கண் முதலில் யாரிடம் போகிறது என்று பார்க்க வேண்டும். உன் கண் கடற்கரைக்காரனிடம் போயிற்று. நீ அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், ஒரு நாளும் அவனைக் குறைவாக நினைத்ததில்லை. ஆனாலும் போயிற்று. அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே தேடப் போவதில்லை. புறவாசலில் அன்றைக்கு நீ நின்றாயா என்று எனக்கு ஞாபகம் இல்லை. நின்றிருக்காவிட்டாலும் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுகின்றன.

எனக்கு எழுபத்து நான்கு ஆகிறது. இதை நான்கு நாளாக எழுதுகிறேன், நடுவில் இரண்டு தாளைக் கிழித்தேன். மன்னிப்பு கேட்பதற்காக எழுதவில்லை. மன்னிப்பு கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், நான் அதை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டு மறுபடியும் நிம்மதியாகிவிடுவேன். அது வேண்டாம். தெருவில் இதை வாசித்துவிட்டு யாராவது வந்து கேட்டால் உண்டென்று சொல்வேன். அத்தான் இப்போது இல்லை, அவர் மேல் பழியைப் போட எனக்கு விருப்பமும் இல்லை. அவர் கேட்காததை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதை எழுதப் போகிறேன் என்று சகாயத்திடம் சொன்னேன். “எழுதுங்க. அம்மை பேரு மட்டும் போடாதீங்க, அவளுக்குப் பிடிக்காது” என்றான். பஸ் நிலையம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பஸ் வருவதற்குள் இன்னொன்றும் சொன்னான். ஒலிப்பதிவு அறைக்குப் போவதற்கு முந்தின வாரம் நம் மாடியில் நீங்கள் மூன்று பேரும் அந்தப் பாட்டை முழுதாக வாசித்ததை அவன் ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறான். தெருச் சத்தம், காக்கைச் சத்தம் எல்லாம் அதில் உண்டாம். பதினேழு நிமிடமும் இருக்கிறது. நான் பரபரத்து, எனக்குக் கொடு, நான் அனுப்பிவைக்கிறேன் என்றேன். அவன் தலையை ஆட்டினான். “ஒங்ககிட்டத் தரமாட்டேன் சார். அவன் கேக்கட்டும். அவன் வாயால கேட்டா அன்னைக்கே குடுப்பேன்.”

சென்னைப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் படியை இன்று அனுப்பிவிட்டேன். ஏழு பாட்டும் இருக்கிற முதல் படி. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே ‘எழுதியவர், பாடியவர்: சகாயம்’ என்று இருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை. உன்னிடம் சரி என்று சொல்லிவிட்டு மாறாகச் செய்திருக்கிறேன், தெரிந்தே செய்திருக்கிறேன். இனி ஐந்தாவது பாட்டு வருவதும் வராததும் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். அவன் எண்ணைத் தனித்தாளில் எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை, அவனுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி இல்லை. முதலில் அவனைக் கூப்பிடு. அவனோடு பேசி முடித்த பிறகு எனக்குப் பேச வேண்டும் என்று தோன்றினால் பேசு. தோன்றாவிட்டால் கட்டாயமில்லை, மக்கா.